சேவல் உனக்கு, பெட்டைகள் எனக்கு

வாருங்கொண்டாங், சியாஞ்சூர்
3 மார்ச் 1984

தம்பி ஓதிங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா எந்தின் எழுதுவது. நீ லாம்புங்கில் அரசாங்கம் நிலம் கொடுத்த குடியேற்றத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் வீம்பாக இருந்தோம். சரி, தோற்றது நான்தான் என்று வைத்துக்கொள். குடியேற்ற அலுவலகத்தில் இரண்டு நாள் அலைந்து உன் தொகுதி எண்ணை வாங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சேவலை, நம் லொதாயாவை, ஒரு மாதத்துக்கு எனக்கு அனுப்பிவை.

அத்தா மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் ஹஜ்ரத் முன்னால் உட்கார்ந்தோமே, நினைவிருக்கும். வயல் சண்டையில்லாமல் பிரிந்தது. அண்டா குண்டான் பிரிந்தது. நீளமாகக் கூவுகிற அத்தாவின் பெலுங் கோழிகளில் வந்து நின்றோம். சேவலின் மதிப்பு நாலு பெட்டைகளின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. கணக்கு அரிசி அளந்த மாதிரி சரியாக வந்தது. சேவல் உனக்கு, பெட்டைகள் எனக்கு.

"பிள்ளைகளா, சொத்தைத்தான் பிரிக்கச் சொல்லிருக்கு. ஜோடியைப் பிரிக்கச் சொல்லல. பொதுவில வச்சு வளத்துக்கங்களேன்" என்று ஹஜ்ரத் மூன்று தடவை சொன்னார். நீ, "என் பங்கு என் கையில வந்தாகணும்" என்றாய். நான், "என் பங்கு என் வேலிக்குள்ளயே இருக்கும்" என்றேன். சேவலைக் கூடையில் போட்டுக்கொண்டு கடல் தாண்டிவிட்டாய்.

லொதாயா இங்கே இருந்தபோது விழுந்த கடைசி முட்டைகளில் பதினான்கை அடைவைத்தேன். பதினொன்று பொரித்தது. சேவல் நாலு. அந்த நாலையும் வெள்ளைக் கழிச்சல் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போயிற்று. குஞ்சுகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. பெரிய பெட்டைகளிலும் இரண்டு போய்விட்டன. மிச்சம் இருப்பது சாம்பல் நிறத்தாளும் செவலையும். இரண்டுக்கும் நாலு வயது நடக்கிறது. இந்த வருஷம் முட்டையிடும். அடுத்த வருஷம் சொல்ல முடியாது. சேவல் மிதிக்காத முட்டை பொரியலுக்கு ஆகும், வம்சத்துக்கு ஆகாது.

ஹாஜி மஹ்புப் தன் சேவலைத் தருகிறேன் என்கிறார். கூவல் போட்டிகளில் பரிசு வாங்குகிற சேவல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தாவின் சேவல் கூவி முடிக்கும்போது கழுத்தைத் தரைவரை வளைத்துக்கொண்டு, குரலின் வால் மூன்று மடிப்பாக மடிந்து ஓயுமே, அது வேறு எந்த முற்றத்திலும் கிடையாது. உனக்கே தெரியும்.

தருஸ் மாமா உங்கள் பக்கத்து மெட்ரோ ஊர்ச் சந்தைக்கு மாதம் ஒருமுறை லாரி ஓட்டுகிறார். அவரிடம் கொடுத்துவிடு. ஒரு மாதம் போதும், அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

பஸ் நிலையத்தில் கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். மனதில் வைக்காதே. இமாஸுக்கு ஸலாம். கிளம்பும்போது அவளுக்கு இரண்டு மாதம். என்ன குழந்தை என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் அக்கா,
எந்தின்


லாம்புங்
28 மார்ச் 1984

அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது.

பெண் குழந்தை. பெயர் ருகையா. போன மார்ச்சில் பிறந்தாள். நாலு பல் இருக்கிறது.

லொதாயா நன்றாக இருக்கிறது. அனுப்ப முடியாது. கப்பலின் அடித்தட்டில் காற்றே கிடையாது. வரும்போது எங்கள்கூட வந்தவர் ஒருவரின் ஆடு பாதி வழியில் செத்தது. அந்தச் சேவலை இன்னொரு முறை கடலில் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

மரவள்ளி நட்டிருக்கிறேன். காட்டுப் பன்றி வந்து பாதியைத் தோண்டிவிடுகிறது. மீதி எங்களுக்கு.

பங்கு பிரித்தது பிரித்ததுதான். நீங்கள்தானே வேலி போட்டீர்கள்.

இமாஸ் ஸலாம் சொன்னாள்.

ஓதிங்


வாருங்கொண்டாங்
5 மே 1984

தம்பி ஓதிங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்று வீட்டுக்கு ஓடிவருவாயே, அதே கை.

ருகையா என்று பெயர் வைத்திருக்கிறாய். ஐந்து வேளை தொழுகையிலும் அவளுக்குத் துஆ செய்கிறேன். இமாஸை இரண்டு வரி எழுதச் சொல். அவள் எழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கும். குழந்தை யார் சாயல், இரவில் தூங்குகிறதா, பால் போதுகிறதா, இதையெல்லாம் நீ எழுத மாட்டாய். தருஸ் மாமாவிடம் அவளுக்கு ஒரு கைலியும் குழந்தைக்கு இரண்டு சட்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மெட்ரோ சந்தையில் உப்பு மண்டிக்காரரிடம் வைத்திருப்பார்.

செவலை போய்விட்டது. மழை நின்று வெயில் திரும்பும் நேரத்தில் பச்சையாகக் கழித்தது. மஞ்சளும் பூண்டும் அரைத்து ஊட்டினேன். ஏப்ரல் பத்தொன்பது, வியாழன், லுஹருக்குப் பிறகு கழுத்துத் திருகி விழுந்தது. இப்போது சாம்பல் நிறத்தாள் ஒருத்திதான்.

அவளைத் தனியாக அடுப்படிக்குப் பக்கத்தில் பஞ்சாரத்தில் வைத்திருக்கிறேன். உன் மச்சான் கர்னா கேலி செய்கிறார். "எனக்கு ஜுரம் வந்தப்போ இப்பிடி ஒரு நாள் பக்கத்துல உக்காந்தியா?" என்கிறார்.

"நீங்க முட்டையா போடுறீங்க?" என்றேன்.

"சேவல் இல்லாம அதுவும்தான் என்னத்தப் போட்டு என்ன?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓதிங், நான் கெஞ்சுகிறேன். முழு மாதம் வேண்டாம். பத்து நாள். பத்து நாள் சேர்ந்திருந்தால் அதற்கப்புறம் இரண்டு வாரம் விழுகிற முட்டைகளில் கரு இருக்கும். பன்னிரண்டு முட்டை கிடைத்தாலும் போதும். பொரிப்பதில் பாதியை உனக்கே தருகிறேன். சேவல் குஞ்சு ஒன்றே ஒன்று பிழைத்தாலும் உனக்குத்தான். கடல் பயமாக இருந்தால், நானே பெட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே வரட்டுமா?

அக்கா


லாம்புங்
12 ஜூன் 1984

அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நோன்பு பன்னிரண்டு ஆகிறது. சட்டைகள் கிடைத்தன. ருகையாவுக்கு அளவு சரியாக இருக்கிறது.

நீங்கள் வர வேண்டாம். பாதை சரியில்லை. சந்தையிலிருந்து பதினாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இங்கே தங்க இடமும் கிடையாது. பலகை வீடு, ஒரே அறை.

லொதாயாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நன்றாகத் தின்கிறது. நேற்று சுபுஹுக்குக் கூவியபோது பக்கத்துத் தொகுதியிலிருந்து ஜாவாக்காரர்கள் வந்து நின்று கேட்டார்கள். மூன்று மடிப்பும் விழுந்தது. "இது சேவலா, பாட்டுக்காரனா?" என்று ஒருவர் கேட்டார். அத்தா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இமாஸுக்கு எழுத நேரமில்லை. குழந்தை விடுவதில்லை. கைலி நன்றாக இருக்கிறது என்று சொன்னாள்.

ஓதிங்


வாருங்கொண்டாங்
10 ஜூலை 1984

ஓதிங்,

பெருநாள் முடியட்டும் என்று காத்திருந்தேன். நோன்பு நேரத்தில் இதை எழுதினால் நோன்பு கெட்டுவிடும் என்று பயந்தேன்.

நீ பொய் சொல்கிறாய்.

பெலுங் சேவல் இறகு உதிர்க்கும்போது கூவாது. குரல் இறங்கிவிடும். கூவினாலும் குஞ்சுக் குரலில் பாதியில் நின்றுவிடும். லொதாயா வருஷாவருஷம் எப்போது இறகு உதிர்க்கும் என்று உனக்கு மறந்துபோயிருக்கலாம். என்னிடம் குறிப்பு இருக்கிறது. 1980இல் மே இருபத்தாறு முதல் ஜூலை முடிய. 1981இல் மே இருபது முதல். 1982இல், நீ கொண்டுபோன வருஷம், மே இருபத்தொன்பது முதல். நீ கூடையில் போட்டபோதுதான் வால் இறகு புதிதாக முளைத்திருந்தது. ஜூன் பதினொன்றாம் தேதி மூன்று மடிப்போடு கூவியதாம். ஜாவாக்காரர்கள் கூட்டமாக வந்து கேட்டார்களாம்.

உன்னிடம் லொதாயா இல்லை.

விற்றுவிட்டாய். ஹாஜி மஹ்புப் சொல்கிறார், மெட்ரோவில் ஒரு போட்டியில் எங்கள் பக்கத்துச் சேவல் போல ஒன்று கூவியது என்று அவருக்கு யாரோ சொன்னார்களாம். எவ்வளவுக்குக் கொடுத்தாய் என்று கேட்க மாட்டேன். அத்தாவின் குரலை விற்றுவிட்டு அதற்குச் சாட்சியாக அத்தாவையே கூப்பிடுகிறாயே, அதைத்தான் கேட்கிறேன். "அத்தா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்." எப்படி எழுத வந்தது உனக்கு?

இமாஸும் இதற்கு உடந்தையா? அதனால்தான் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாளா? அவளுக்குப் பிறந்த வீடு என்று யாரும் கிடையாது, ஹஜ்ரத் வீட்டு அடுப்படியில் வளர்ந்தவள், நம் வீட்டுக்கு வந்தபோது என் தங்கச்சி மாதிரி என்று ஊரெல்லாம் சொன்னேன். நன்றாகத் திருப்பிச் செய்திருக்கிறாள். என் கைலியை மட்டும் உடுத்திக்கொள்ளட்டும்.

சாம்பல் நிறத்தாள் எட்டு முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். எட்டும் கூமுட்டை. எடுத்தால் கொத்துகிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

இனி எனக்கு எழுதாதே.

எந்தின்


லாம்புங்
25 ஆகஸ்டு 1984

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் படித்துவிடுங்கள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் சேவலை விற்கவில்லை. அறுத்தேன்.

போன வருஷம் மார்ச் ஒன்பதாம் தேதி ருகையா பிறந்தாள். பக்கத்து வீட்டு ஜாவாக்காரி சுமிதான் பிரசவம் பார்த்தாள். சுகப்பிரசவம். மூன்றாம் நாள் இமாஸுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு கொதித்தது. அந்த வாரம் முழுவதும் மழை. ஆற்றுப் பலகைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மருந்து நிலையம் அந்தக் கரையில். நான் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இரண்டு முறை திரும்பி வந்தேன்.

நாலு நாளாக அவள் கஞ்சியைத் தவிர ஒன்றும் இறக்கவில்லை. எங்களிடம் அரசாங்க அரிசியும் கருவாடும் மட்டும்தான். "கோழிச் சாறு குடுத்தா உடம்பு தாங்கும்" என்று சுமி சொன்னாள். அவளிடம் இருந்தவை இரண்டு கோழி, இரண்டும் அடையில் இருந்தன. மூன்று பிள்ளைகளை வைத்திருக்கிறாள். கேட்டால் கொடுத்திருப்பாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் காலையில் கத்தியைத் தீட்டினேன். இமாஸ் பார்த்துவிட்டாள். "வேணாங்க. அது அக்கா வீட்டு வம்சம். நாளைக்கு அக்கா கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க? எனக்கு ஒரு கருவாட்டைச் சுட்டுக் குடுங்க, அது போதும்" என்றாள்.

"அக்கா அங்கே இருக்கு. நீ இங்கே இருக்கே" என்றேன்.

பிஸ்மி சொல்லி அறுத்தேன். என் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது, அத்தா கையில் நிற்குமே அப்படி. மூன்று கரண்டி குடித்தாள். "நல்லாருக்கு. உப்புதான் ஒரு கை தூக்கல்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கே அஸருக்கு முன்னால் மவுத்தாகிவிட்டாள்.

மஃரிபுக்குள் அடக்கம் செய்தோம். திரும்பி வந்து மீதிச் சாற்றை நான்தான் குடித்தேன். பசித்தது, அக்கா.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். பஸ் நிலையத்தில் "என்னென்னவோ பேசிவிட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முழுசாக நினைவிருக்கிறது. "பிள்ளத்தாச்சியைக் கூட்டிட்டுப் போற. இவளை அந்தக் காட்டுல பொதைச்சுட்டுத்தான்டா வருவே" என்றீர்கள். அதே மாதிரி நடந்த பிறகு எந்த முகத்தோடு எழுதுவேன்? நீங்கள் சேவலைக் கேட்டு எழுதியபோது, அது உயிரோடு இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் அவளும் உயிரோடு இருக்கிற மாதிரி இருந்தது. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே. அதனால் இரண்டையும் வாழவைத்தேன். ஸலாம் சொன்னாள் என்று எழுதும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும்.

ருகையாவுக்குச் சுமிதான் தன் கடைக்குட்டியோடு சேர்த்துப் பால் கொடுத்தாள். பகலெல்லாம் அந்த வீட்டில்தான் இருப்பாள். சுமியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சுமியின் கோழிகள் அடைகாத்தது லொதாயா மிதித்த முட்டைகளைத்தான். அதில் ஒரு சேவல் வளர்ந்திருக்கிறது. செம்பட்டை நிறம், கால் கட்டை, பார்வைக்கு வெறும் நாட்டுச் சேவல். போன பெருநாளுக்குப் பிறகு குரல் முற்றியது. நீளம் இல்லை. ஆனால் முடிவில் கழுத்தை வளைக்கிறது. ஒரு மடிப்பு விழுகிறது. ஒன்றுதான். அது கூவினால் நான் சன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அரை ரத்தம். அத்தா இருந்தால் குஞ்சிலேயே அறுத்திருப்பார். உங்களுக்கு வேண்டுமென்றால் சுமியிடம் விலை பேசி, தருஸ் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தக் கைலியை யாரும் உடுத்தவில்லை. மடித்தபடியே இருக்கிறது.

ஓதிங்


வாருங்கொண்டாங்
20 செப்டம்பர் 1984

என் தம்பி ஓதிங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏழு நாள் கழித்து வந்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் இமாஸின் கபுரை விசாலமாக்கட்டும்.

படித்து முடித்துவிட்டு அரிசி களையப் போனேன். அதே அரிசியை எத்தனை முறை களைந்தேன் என்று தெரியவில்லை. உன் மச்சான் வந்து பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கினார். அவரும் படித்தார். வெளியே போய் விறகு பிளந்தார். இரண்டு மாதத்துக்கு வேண்டிய விறகு வீட்டில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பெண்களைக் கூப்பிட்டு யாசீன் ஓதினோம். பெயர் கேட்டார்கள். இமாஸ் என்றேன். "எப்போ மவுத்து?" என்று கேட்டார்கள். போன வருஷம் மார்ச்சில் என்றேன். ஹஜ்ரத்தின் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்தானே அவளை வளர்த்தவர். அவருக்கும் நீ எழுத வேண்டும். என்னை எழுதச் சொல்லாதே. அதை நீயே செய்.

பஸ் நிலையத்தில் நான் சொன்னதை எனக்கே எழுதிக் காட்டியிருக்கிறாய். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. என்னென்னவோ பேசிவிட்டேன் என்று நான் மழுப்பினது உன் பொய்க்குக் குறைந்த பொய் அல்ல.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் இமாஸ் என் அடுப்படிக்கு வந்தாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், கூட உட்கார்ந்து துலக்கினாள். "அக்கா, ஒரே ஒரு பெட்டையைக் குடுங்களேன். அங்கே ஜோடியா இருந்தா குஞ்சு பெருகும். பிள்ளைக்கு முட்டையும் ஆகும். பெருகினதும் உங்களுக்கே ரெண்டு ஜோடி அனுப்பிடறேன்" என்றாள். "எங்க வீட்டுப் பெட்டை வேலி தாண்டாது" என்றேன். "சரிக்கா" என்றாள். மிச்சப் பாத்திரத்தையும் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். உன்னிடம் சொல்லவில்லை பார். சொல்லியிருந்தால் உன் கடிதத்தில் வந்திருக்கும்.

அப்போது என்னிடம் நாலு பெட்டைகள் இருந்தன. ஒன்றைக் கொடுத்திருந்தால் அந்த வீட்டில் முட்டை இருந்திருக்கும், குஞ்சு இருந்திருக்கும். ஐந்தாம் நாள் காலையில் உனக்கு அறுக்க வேறு கோழி இருந்திருக்கும். அவள் பிழைத்திருப்பாள் என்று சொல்லவில்லை. அது அல்லாஹ்வின் ஏட்டில் இருப்பது. ஆனால் அக்கா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று பயந்துகொண்டு அவள் அந்தச் சாற்றைக் குடிக்க வேண்டி வந்திருக்காது. அது என் ஏட்டில் இருப்பது.

சுமி வீட்டுச் சேவலை எனக்கு அனுப்பாதே. விலையும் பேசாதே. அது நம் சேவல் இல்லை, உன் பிள்ளைக்குப் பால் கொடுத்த வீட்டுச் சேவல்.

நான் வருகிறேன். இந்த முறை வேண்டாம் என்று எழுத உனக்கு நேரம் இருக்காது. அக்டோபர் பதினொன்று, வியாழன் காலை மெட்ரோ பஸ் நிலையத்தில் இரு. மெராக் துறைவரை உன் மச்சான் வந்து கப்பல் ஏற்றிவிடுகிறார். பதினாலு கிலோமீட்டர் என்னால் நடக்க முடியும். முதலில் இமாஸின் கபுருக்குக் கூட்டிப் போ. வீட்டுக்கு அப்புறம் போகலாம்.

சாம்பல் நிறத்தாளைக் கூடையில் கொண்டுவருகிறேன். ருகையாவுக்கு. அவள் அம்மா கேட்ட பெட்டை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆகஸ்டு ஏழாம் தேதியோடு முட்டை நின்றுவிட்டது. கழுத்தில் இறகு இல்லை, சதை வற்றியிருக்கிறது. மறுபடி இடுவாளா, அந்தக் கட்டைக்கால் சேவலைப் பக்கத்தில் சேர்ப்பாளா, எனக்குத் தெரியாது. போன வருஷம் என்றால் தெரியும் என்று சொல்லியிருப்பேன்.

பிள்ளையிடம் அத்தை வருகிறாள் என்று மட்டும் சொல். கோழி வருகிறது என்று சொல்லிவிடாதே. கப்பலின் அடித்தட்டில் காற்றில்லை என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

அக்கா,
எந்தின்